கடதாசி மகன்

1

இந்த ஐப்பசியில் எனக்கு அறுபது வயது நிறைந்தது. ஊரில் இருக்கும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் குடியிருக்கும் நாட்டுக்குத்தான் இன்னும் அறிவிக்கவில்லை. கடவுச்சீட்டின்படி எனக்கு ஐம்பத்தாறு. வைத்தியரின் கோப்பிலும், கார் ஓட்டும் லைசென்ஸிலும், கவுன்சில்காரர் அனுப்பும் கடிதங்களிலும் நான் நான்கு வயது இளையவன். முழங்கால் மட்டும் உண்மையான வயதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறது.

ஜேர்மனியில் வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தொன்று. பதினேழு என்று சொல், பதினெட்டுக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று எங்களை ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். அவர் எந்தச் சட்டப் புத்தகத்தைப் படித்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. மீசையை வழித்துவிட்டுப் பதினேழு ஆனேன். பிறகு ஜேர்மன் பிரஜையாகி, லண்டனுக்கு வந்து, இங்கேயும் பிரஜையாகி, போன இடமெல்லாம் அந்தப் பதினேழும் என் பின்னாலேயே வந்தது.

அதன் பலாபலன்களைக் கேளுங்கள். என்னைவிட இரண்டு வயது இளைய என் சொந்தத் தம்பி உண்மை பேசிக் கனடா போனான். ஆகவே எழுத்தில் அவன் எனக்கு அண்ணன். ஏதாவது வாக்குவாதம் வந்தால், “அண்ணை சொல்லுறதைக் கேள்” என்று எனக்கே ஃபோனில் பகிடி விடுவான். மற்றவர்கள் அறுபத்தேழில் பென்ஷன் எடுத்துப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது, நான் எழுபத்தொரு வயதில் பிளேஸ்டோ சந்துகளில் கார் பழக்கிக்கொண்டிருப்பேன். ஆம், அதுதான் என் தொழில். நாள் முழுக்க இடப்பக்கத்து இருக்கையில் இருந்து, என் காலடியில் பூட்டியிருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து, பிறருடைய பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றுகிறேன்.

உண்மைப் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருப்பவர் என் மனைவி ஒருவர்தான். அன்றைக்கு வீட்டில் சைவம். காலையிலேயே விம்பிள்டன் கோயிலுக்குப் போய் என் பெயருக்கு ஒரு அர்ச்சனை. ஐயர் நட்சத்திரத்தைக் கேட்பார், பிறந்த ஆண்டைக் கேட்கமாட்டார். இந்த நாட்டில் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்காத ஒரே அதிகாரி அவர்தான்.

இதையெல்லாம் அச்சில் எழுதுகிறாயே, பயமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தமிழில்தானே எழுதுகிறேன். வாசித்துக் காட்டிக்கொடுக்கக்கூடிய மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள். அவர்களிலும் பாதிப் பேருக்கு என்னைப்போல உண்மை வயது ஒன்று, கடதாசி வயது ஒன்று.

நான் பயந்தது அரசாங்கத்துக்கு இல்லை. என் மகள் மதுராவுக்கு.

2

மதுராவுக்குப் பதினேழு வயது. நிசமான பதினேழு. பிந்திப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. அவளுடைய குறை என்னவென்றால் அவளுக்குப் பொய் வராது. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது வெம்பிளியில் ஒரு கடைக்குச் சாப்பிடப் போனோம். பத்து வயதுக்குக் கீழே என்றால் அரைக் கட்டணம். மனைவி ஒன்பது என்று சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளை கல்லாப் பக்கம் எட்டிப் பார்த்து, இல்லை, பத்தும் இரண்டு மாதமும் என்றாள். அன்றைக்கு நான் பெருமைப்பட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் பிள்ளை அரிச்சந்திரன் பரம்பரை என்றேன். எந்த வழியில் அந்தப் பரம்பரை என்று யாரும் கேட்கவில்லை.

சென்ற தவணையில் அவளுடைய வரலாற்று வகுப்புக்கு ஒரு குழு ஆய்வு கொடுத்திருந்தார்கள். இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடையில் அமெரிக்காவில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது தலைப்பு. மூன்று பேர் ஒரு குழு. முடிவில் பெற்றோர் முன்னிலையில் பேசவேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பெரிது என்றபடியால் சனிக்கிழமைகளில் மூவரும் இங்கே கூடினார்கள். டேனியல் என்ற கானா நாட்டுப் பையனுக்கு வீடு வீடாக வானொலி வந்த கதை. ஸாரா என்ற வங்காளப் பிள்ளைக்கு மதுவிலக்கு. மதுரா எடுத்தது குடிவரவு.

வீட்டுக்குள் ஒரு ஆராய்ச்சி நடக்கும்போது யாழ்ப்பாணத்தில் ஏ.எல். படித்த ஒருவன் சும்மா இருக்க முடியுமா? எங்கள் காலத்தில் குழு ஆய்வு என்று ஒன்று இல்லை. குழு என்றால் எதிரி. நான் எந்தப் புத்தகம் படிக்கிறேன் என்று பக்கத்து வாங்கில் இருப்பவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, பொருளியல் புத்தகத்துக்குச் சைவசமய அட்டை போட்டவன் நான். “ஒண்டும் படிக்கேல்ல மச்சான்” என்று காலையில் சொல்லிவிட்டு இரவு முழுக்க விழித்திருப்போம். அந்த அனுபவத்தில், நல்ல விசயங்களை மற்ற இரண்டு பேருக்கும் முழுக்கக் காட்டாதே, பேசுகிற அன்று எடுத்து விடு என்று மகளைக் குசினிக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். என் மூளைக்கு ஏதாவது நடந்துவிட்டதா என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வெளியே போய் நான் சொன்னதை அப்படியே நண்பர்களுக்குச் சொல்லிச் சிரித்தாள். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் பொரித்த பற்றிஸ் பலகாரத் தட்டைக் கொண்டுபோய் வைத்துச் சமாளித்தேன்.

மதுவிலக்கிலும் கை வைத்தேன். தடை போட்டால் சனம் களவாகக் காய்ச்சும், எங்களுடைய பகுதியில் கசிப்பு என்று ஒன்று இருந்தது என்று ஸாராவுக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். அந்தப் பிள்ளை பணிவாகக் குறிப்பெடுத்துக்கொண்டு, அது எந்த மாநிலம் அங்கிள் என்று கேட்டது. வடமாகாணம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டது.

3

மூன்றாவது சனிக்கிழமை மதுரா ஒரு புத்தகக் கட்டோடு வந்தாள். முகம் பளபளத்தது. தான் எடுத்த தலைப்புக்குள் ஒரு புதையல் அகப்பட்டதாம்.

அந்தக் காலத்தில் சீனர்கள் அமெரிக்காவுக்குள் குடிபோகச் சட்டம் விடவில்லை. ஏற்கனவே அங்கே குடியுரிமையோடு இருக்கும் ஒரு சீனரின் பிள்ளை என்றால் போகலாம். சான் பிரான்சிஸ்கோவில் நிலம் நடுங்கி, தீப்பிடித்து, பிறப்புப் பதிவுகள் எரிந்துபோயிருந்தன. யார் யாருடைய பிள்ளை என்று சொல்ல எழுத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே ஊரில் இருந்த இளந்தாரிகள் யாரோ ஒருவரின் மகனாகப் பெயரை மாற்றிக்கொண்டு கப்பலேறினார்கள். ஆங்கிலத்தில் பேப்பர் சன்ஸ் என்பார்களாம். கடதாசி மகன்கள் என்று நான் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

அதிகாரிகளும் இலேசுப்பட்டவர்கள் இல்லை. கரைக்கு விடாமல் ஒரு தீவில் மறித்து வைத்து, உன் வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம், அரிசிப் பெட்டி எங்கே, மூன்றாம் வீட்டுக்காரரின் மனைவிக்கு என்ன பெயர் என்று நாட்கணக்காக விசாரித்திருக்கிறார்கள். இதற்கென்றே விடைப் புத்தகம் எழுதி விற்றிருக்கிறார்கள். கப்பலில் இருந்து பாடமாக்கி, கரை தெரிந்ததும் கடலில் எறிந்துவிட வேண்டும்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அசையாமல் நின்றேன். எனக்கும் ஒரு புத்தகம் இருந்தது. ஏஜென்சிக்காரர் தந்த கொப்பித்தாள் இரண்டு. விமானத்தின் கக்கூசுக்குள் அதைக் கிழித்துப் போட்டுத் தண்ணீர் அடித்துவிட்டது நினைவில் வந்தது.

விசாரணையை நடித்துப் பார்த்தால் நன்றாக எழுதலாம் என்று டேனியல் சொன்னான். விசாரிக்கப்படுகிறவர் குழுவுக்கு வெளியே ஒருவராக இருக்கவேண்டும். மூவரும் என்னைப் பார்த்தார்கள். கார் பழக்க ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான் வாயைத் திறந்து ஓம் என்றேன். கலையில் எனக்கு ஆசை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளைத் தந்தார்கள். பெயர் ஏதோ லீ. ஊர், தகப்பன், வீட்டுப் படிகள். வயது பதினேழு. அறுபது வயதில் ஒரு மனிதன் இரண்டாம் தரம் பதினேழு ஆவது இலேசான காரியமா? பத்து நிமிடத்தில் பாடமாக்கினேன்.

டேனியல் என் மனைவியின் வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதிகாரி ஆனான். என்னிடம் அவன் எதிர்பார்த்தது சிரிப்பும் தடுமாற்றமும். நான் கதிரையின் நுனியில் இருந்தேன். கையை முழங்காலில் வைத்தேன். மேசையின் விளிம்பைப் பார்த்து, கேட்டதற்கு மட்டும், இரண்டு சொல்லில் பதில் சொன்னேன். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் கேள்வி விளங்கவில்லை என்றேன். கிணறு மேற்கே என்று முன்னர் சொன்னாயே என்று அவன் மடக்கிப் பார்த்தான். நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா என்றேன். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. ஸாரா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

தாளில் இல்லாத ஒரு கேள்வியை டேனியல் சும்மா எறிந்தான். உன் அம்மா எங்கே?

“செத்துப்போனா,” என்றேன். எந்தத் திகதி என்று கேட்டான். நாளும் மாதமும் ஒரு மூச்சில் என் வாயிலிருந்து வந்து விழுந்தன.

டேனியல் கை தட்டினான். அங்கிள் நடிக்கப் போயிருக்கலாம் என்றான். மதுரா மட்டும் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இதில் அம்மா சாகவில்லையே, இந்தத் திகதி எங்கே இருந்து வந்தது என்று கேட்டாள். சும்மா வாயில் வந்தது என்றேன். ஆறிப்போன தேத்தண்ணியைச் சுடவைக்கும் சாக்கில் குசினிக்குள் ஓடினேன்.

4

அந்தத் திகதி எங்கே இருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஊரில் தாய் தகப்பன் இருந்தால், அவர்களிடமே போ என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதனால் கொப்பித்தாளில் இருவரும் இறந்திருந்தார்கள். அப்பா உண்மையிலேயே இறந்து ஐந்து வருடம். அவரைப் பற்றிச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அம்மா அப்போது வீட்டில் இருந்தா. நான் விமானமேறிய அன்று வாசல்வரை வந்து, பையில் பருத்தித்துறை வடை வைத்துவிட்ட அம்மா.

ஜேர்மன் அதிகாரி ஒரு தாடிக்காரர். நல்ல மனிதர். தாய் இறந்துவிட்டார் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் எழுதுவதை நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு இறந்த திகதியைக் கேட்டார். ஏஜென்சிக்காரர் எல்லாம் எழுதித் தந்தவர், திகதியை மறந்துவிட்டார். அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்குத் தடுமாறாமல் வரக்கூடிய நாளும் மாதமும் எது? நான் பிறந்த நாள்தான். கடதாசியில் எனக்கு வேறு பிறந்தநாள் எழுதியாயிற்று, பழையது சும்மாதானே கிடக்கிறது என்று அதையே கொடுத்தேன். முந்தின வருடத்தை ஆண்டாகச் சேர்த்தேன். ஆகவே நான் பிறந்த நாளில் என் அம்மா இறந்தா. கோப்பில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும்.

இப்படிச் செத்தவ பிறகு பதினொரு வருடம் உயிரோடு இருந்தா. கொஞ்சம் கையில் மிஞ்சத் தொடங்கியதும் அவவைக் கூப்பிட்டு என்னோடு வைத்திருக்க ஆசைப்பட்டேன். எந்த முகத்தோடு விண்ணப்பம் எழுதுவது? செத்தவவுக்கு விசா தா என்றா? நான் கோப்பை கழுவிய உணவகத்தில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் முதலாளியின் மனைவி எனக்கு ஒரு கம்பளிச்சட்டை பின்னித் தருவா. நானும் ஒரு அநாதையின் முகத்தோடு வாங்கிப் போட்டுக்கொள்வேன். அம்மா மெய்யாகவே போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்று ஒருத்தரிடமும் லீவு கேட்க முடியவில்லை. வேலைக்குப் போனேன். அந்தக் கம்பளிச்சட்டையைத்தான் போட்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

5

ஆய்வு முடிந்தது. எங்கள் வீட்டுப் பிரிண்டரில்தான் அச்செடுத்தார்கள். ஒவ்வொரு தாளாக வெளியே வருவதை எடுத்து அடுக்குவது என் பொறுப்பு. கடைசித் தாள் மதுராவின் முடிவுரை. நின்றபடியே வாசித்தேன்.

அவர்கள்மேல் இரக்கம் வரலாம், ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது, அவர்கள் பொய்யர்கள், தங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையையும் ஒரு பொய்யின்மேல்தான் கட்டினார்கள் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

இந்த வசனத்தை அடுத்த வாரம் வியாழக்கிழமை சபை முன்னால் என் மகள் வாசிக்கப் போகிறாள். மூன்றாம் வரிசையில் நான் இருக்கப் போகிறேன். எப்படியாவது இதை மாற்றவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. காலடியில் பிரேக் இல்லாத காரில் இருப்பவன்போல அந்தக் கிழமை முழுக்க நிலத்தை மிதித்தேன்.

முதலில் அந்தக் கடைசித் தாளை ஒளித்துவிட்டு, மை முடிந்துவிட்டது என்றேன். டேனியல் வந்து பார்த்து, மை இருக்கிறது அங்கிள் என்றான். பிறகு ஸாராவைத் தனியாகப் பிடித்து, பொய்யர்கள் என்பது ஆய்வுக்கு ஏற்ற சொல் இல்லை, பல்கலைக்கழகங்களில் அப்படி எழுதமாட்டார்கள் என்றேன். நான் பல்கலைக்கழக வாசலையும் மிதிக்காதவன் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அது போய் மதுராவிடம் சொல்லிவிட்டது. மீன் ரோல்ஸ் பொரித்து வைத்துக்கொண்டு மூவரையும் சேர்த்துப் பேசினேன். பசித்தவன் சொல்லும் பொய்யும் பொய்யா, உயிருக்குப் பயந்தவன் சொல்வதும் பொய்யா என்று மேடைப் பேச்சுப் பேசினேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ரோல்ஸுக்கா பேச்சுக்கா என்று தெரியவில்லை.

மதுரா தலையாட்டவில்லை. “ஆதாரம் இருக்கோ அப்பா? சோர்ஸ் இல்லாமல் நான் மாத்தேலாது,” என்றாள்.

இருக்கிறது என்று சொல்ல வாய் உன்னியது. வாய்க்குள் ஒரு ரோல்ஸைப் போட்டு அடக்கினேன்.

மனைவியிடம் போய்ப் புலம்பினேன். அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டே, உண்மையைச் சொல்லுங்கோ, அவளுக்குப் பதினேழு வயதாகிறது, விளங்கும் என்றார். விளங்காவிட்டால் என்று கேட்டேன். விளங்காவிட்டாலும் அவள் உங்களுக்குத்தான் மகள், வேறு எங்கே போகப் போகிறாள் என்றார். என் மனைவி ஆறுதல் சொல்லும் விதம் அது.

எனக்கு வேறு பயம். வெம்பிளிக் கடையில் இரண்டு மாதத்தைக்கூட விட்டுக்கொடுக்காத பிள்ளை, நான்கு வருடத்தையும் ஒரு தாயையும் எப்படி விட்டுக்கொடுப்பாள்? என் மகள் என்னை அருவருப்போடு பார்க்கும் ஒரு பார்வையை நான் தாங்கமாட்டேன். அதைவிடத் திருப்பி அனுப்பியிருக்கலாம் என்று அந்தத் தாடிக்காரரையே திட்டினேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குக் கார் பழக்கும் நேரம். சொந்தப் பிள்ளைக்குப் பழக்குவது இந்தத் தொழிலில் மிகவும் கெட்ட வேலை. அவள் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து கண்ணாடியைப் பார், சிக்னல் போடு என்று கத்துவேன். அன்றைக்கு நான் கத்தவில்லை. இரண்டு சந்து தாண்டியதும் அவளே சந்தேகப்பட்டு, சுகமில்லையா என்று கேட்டாள். ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, ஒழுங்காக நிறுத்தினாள்.

நேரே முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னேன். பதினேழைச் சொன்னேன். கொப்பித்தாளைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன். நடுவில் பகிடியாகச் சொல்ல இரண்டு இடத்தில் முயன்றேன், வரவில்லை. கதிரை நுனியில் இருந்து இரண்டு சொல்லில் பதில் சொல்லப் பழகிய வாய், தானாகப் பேசத் தொடங்கியதும் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் ஓடியது.

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள். கார் நிற்பதை மறந்துவிட்டாள் போல. அண்டைக்கு நடிக்கும்போது சொன்ன திகதி, அம்மா மரக்கறி சமைத்துக் கோயிலுக்குப் போகிற நாள் அல்லவா என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

“நீங்கள் அப்பிடிச் சொன்னது அப்பம்மாவுக்குத் தெரியுமோ?”

முப்பத்தொன்பது வருடத்தில் ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி. என் மனைவிகூடக் கேட்கவில்லை.

தெரியும் என்றேன். ஒருமுறை அம்மா கொழும்புக்கு வந்து லொட்ஜில் நின்றபோது ஃபோனில் பிடித்தேன். ஏன் மகன் என்னைக் கூப்பிடுகிறாய் இல்லை என்று கேட்டா. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன். பிறகு அம்மா கேட்டா, “அப்ப எனக்கு எப்ப திவசம்?”

திகதியைச் சொன்னேன். அது என்ன நாள் என்று பெற்றவவுக்குத் தெரியாதா. “திதி பாத்தே சொன்னனி?” என்று கேட்டுச் சிரித்தா. கொஞ்ச நேரம் இருமினா. “பரவாயில்லை. அந்த நாளை நீ மறக்கமாட்டாய். அண்டைக்குச் சைவமாய் இரு,” என்றா.

மதுரா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டாள். ஹோர்ன் ஒருமுறை அலறியது. எதிரே போன ஒரு மனிதர் எங்களைத் திரும்பிப் பார்த்துத் திட்டினார். அவள் நிமிர்ந்து, மூக்கைத் துடைத்து, கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, வீட்டுக்கு ஓட்டினாள். அடுத்த மூன்று நாட்களும் நான் சாப்பாட்டு மேசையில் அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அச்செடுத்த தாள்கள் என்ன ஆயின என்றும் தெரியவில்லை.

7

வியாழக்கிழமை பள்ளி விட்டபிறகு மண்டபத்தில் ஆய்வுகள் நடந்தன. நானும் மனைவியும் மூன்றாம் வரிசையில். டேனியலின் வானொலிக்கு நல்ல கைதட்டல். ஸாராவின் மதுவிலக்கில், என் நல்ல காலம், வடமாகாணம் வரவில்லை. மதுரா எழுந்து வந்து கடதாசி மகன்களின் கதையைச் சொன்னாள். படிகளைச் சொன்னாள், கிணற்றைச் சொன்னாள். கடைசித் தாளை எடுத்தாள். என் வலக்கால் தானாக நிலத்தை மிதித்தது.

அவர்கள் பொய்யர்கள் என்று வாசித்தாள். அந்த வசனத்தை அவள் நீக்கவில்லை. அதற்குப் பிறகு புதிதாக ஒன்று இருந்தது. கடதாசியில் தங்களுக்கு இல்லை என்று எழுதிவிட்ட தாயை அவர்கள் பிறகு ஒருநாளும் கூப்பிட்டு வைத்திருக்க முடியவில்லை, அந்தப் பொய்யின் விலையைக் கொடுத்தவர்கள் அவர்களும் அந்தத் தாய்மாரும் மட்டும்தான், அதிகாரிகள் அதை எந்தக் கோப்பிலும் எழுதவில்லை. இவ்வளவுதான். மனைவி என் கையைப் பிடித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆசிரியை எழுந்து பாராட்டினார். இந்த ஆய்விலேயே சிறந்த வசனம் அதுதான், ஆனால் அதற்குக் கீழே மட்டும் ஆதாரம் போடவில்லையே, எங்கே எடுத்தாய் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தபோது தோன்றியது மிஸ் என்றாள் மதுரா. உன் குடும்பத்தில் யாருக்காவது இப்படி நடந்ததா என்று ஆசிரியை அன்பாகத்தான் கேட்டார்.

என் மகள் மேசையின் விளிம்பைப் பார்த்தாள். இல்லை மிஸ், என் அப்பா ஜேர்மனிக்கு மாணவராகப் போனவர் என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

முடிந்து வெளியே வரும்போது ஆசிரியை என்னிடம் வந்து, ஜேர்மனியில் என்ன படித்தீர்கள் என்று கேட்டார். வரலாறு என்றேன். மகளின் திறமை எங்கே இருந்து வந்ததென்று இப்போது தெரிகிறது என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி முன்னால் இடம் பிடித்தார். மதுரா பின்னால் என் பக்கத்தில் இருந்தாள். பொய் சொல்லவைத்துவிட்டேனே பிள்ளை என்று அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. அவளுக்கு வேறு அவசரம். நாளைக்கு மிஸ் திரும்பக் கேட்டால் இரண்டு பேரும் ஒன்றையே சொல்லவேண்டும், எந்த ஊரில் படித்தீர்கள் என்றாள். நான் கோப்பை கழுவிய ஊரைச் சொன்னேன். எத்தனை வருடம்? இரண்டு. ஏன் முடிக்கவில்லை? வசதியில்லை என்றேன். அது வேண்டாம், பிறகு பாவம் பார்த்து இன்னும் கேள்வி கேட்பார்கள், படிப்புப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கோ என்றாள். ஏஜென்சிக்காரரைவிட என் மகள் கெட்டிக்காரி.

பிறகு தொண்டையைச் செருமினாள்.

“இந்தக் கதையில அப்பம்மா உயிரோட இருக்கிறா அப்பா. கிழமைக்கொருக்கா உங்களுக்குக் கடிதம் போடுறா. விளங்குதோ?”

ஓம் என்றேன்.

“திருப்பிச் சொல்லுங்கோ.”

அம்மா உயிரோடு இருக்கிறா என்று, பஸ்ஸுக்குள் நின்ற சனத்தையும் பாராமல், நான் திருப்பிச் சொன்னேன்.